வெள்ளிக்கு வழக்கு நடந்தது, 280 உயிர்களுக்கு?

2024 மே 8 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு கப்பல் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. இந்தியப் பெருங்கடலின் அடியில், ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில், முக்கால் நூற்றாண்டு கிடந்த 2,364 வெள்ளிக் கட்டிகளைப் பற்றிய வழக்கு அது. 2017-இல் ஆர்ஜென்டம் என்ற தனியார் நிறுவனம் அவற்றை மேலே கொண்டுவந்தது. சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறக்கிவைத்து, மீட்டுக் கொடுத்ததற்கான கூலியைக் கேட்டது. வெள்ளி தன்னுடையது என்றும், இறையாண்மையுள்ள ஓர் அரசின் சொத்தின்மீது வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்றும் தென்னாப்பிரிக்க அரசு வாதிட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் வாதத்தை ஏற்றது.

அந்த வெள்ளியைச் சுமந்து சென்ற கப்பலின் பெயர் எஸ்.எஸ். திலாவா. வெள்ளியோடு 958 மனிதர்களும் அதில் போனார்கள். அவர்களில் 280 பேர் கரை சேரவில்லை. வெள்ளிக்காக மூன்று நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் வாதம் கேட்டன. 280 உயிர்களுக்காக, நான் அறிந்தவரை, எந்த நீதிமன்றமும், எந்த விசாரணை ஆணையமும், எந்த நாடாளுமன்றமும் ஒரு நாள்கூட அமரவில்லை. அந்தச் சாவுகளுக்கு அரசியல் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை இனியாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடலுக்கு நடுவே ஓர் இரவு

திலாவா 1924-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட கப்பல். மொத்தக் கொள்ளளவு 10,000 டன். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமானது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களை ஏற்றிச் சென்ற ‘ரஜுலா’வும் இதே கம்பெனியின் கப்பல்தான். ரஜுலா கிழக்கே போனது. திலாவா மேற்கே, ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது.

1942 நவம்பர் 20 அன்று திலாவா பம்பாயிலிருந்து புறப்பட்டது. மொம்பாசா, லோரென்சோ மார்க்கஸ் (இன்றைய மபூட்டோ), டர்பன் என்பது அதன் வழி. 732 பயணிகள், 222 கப்பல் தொழிலாளர்கள், பீரங்கி வீரர்கள் 4 பேர். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் குஜராத்திக் குடும்பங்கள் அதிகம். ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்த கணவரிடம் போய்ச் சேரவேண்டிய மனைவிமார், தகப்பனைப் பார்க்கப் போகும் பிள்ளைகள், வேலை தேடிப் போகும் இளைஞர்கள் என்று ஒரு கப்பலில் என்னென்ன விதமாக மனிதர்கள் இருப்பார்களோ அத்தனை விதமானவர்களும் இருந்தார்கள். கப்பலின் அடித்தட்டில் 60 டன் வெள்ளி இருந்தது. தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசு நாணயம் அச்சடிப்பதற்காக வாங்கிய வெள்ளி அது. துணைக்குப் போர்க்கப்பல் எதுவும் வரவில்லை.

நவம்பர் 23 அதிகாலை இருட்டில், சேஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே 900 மைலுக்கும் அப்பால், முதல் டார்பிடோ தாக்கியது. மக்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். அந்த நெரிசலிலேயே பலர் கடலில் விழுந்தார்கள். சற்று நேரம் கழித்து இரண்டாவது டார்பிடோ வந்தது. கப்பல் மூழ்கியது. பிழைத்தவர்கள் படகுகளிலும் தெப்பங்களிலும் இரண்டு நாள் மிதந்தார்கள். நவம்பர் 25 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் பர்மிங்ஹாம் வந்து அவர்களில் பெரும்பாலோரைக் கண்டெடுத்தது. மொத்தம் 678 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 252 பயணிகளும் 28 தொழிலாளர்களும் இறந்தார்கள்.

அதே நீர்மூழ்கி

சுட்டது ஜப்பானியக் கடற்படையின் ஐ-29 என்னும் நீர்மூழ்கிக் கப்பல். இந்தப் பெயரை நம்மில் பலர் வேறொரு கதையில் கேட்டிருப்போம்.

1943 பிப்ரவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யு-180 என்ற நீர்மூழ்கியில் ஏறினார். ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்கு அருகே கொந்தளிக்கும் கடலில், அவரும் உதவியாளர் ஆபித் ஹசனும் ஒரு ரப்பர்த் தெப்பத்தில் ஏறி, காத்திருந்த ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். அங்கே காத்திருந்தது ஐ-29. திலாவாவை மூழ்கடித்து அப்போது ஐந்து மாதமே ஆகியிருந்தது. அந்த நீர்மூழ்கியின் மாலுமிகளோடு நேதாஜி நிற்கும் படம் இன்றும் நம் பாடப்புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் வருகிறது.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கிறேன். மலைவாழ் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். நேதாஜியின் பிறந்த நாளான ஜனவரி 23 வந்தால் அவருடைய கடற்பயணத்தைச் சொல்லாமல் இருந்ததில்லை. கடலையே பார்த்திராத பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்பார்கள். அந்தக் கதையோடு சேர்த்து, அந்த நீர்மூழ்கி அதற்கு முந்தைய நவம்பரில் என்ன செய்தது என்பதையும் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பெரிய மனிதர் ஏறிய வண்டி என்பதால் அந்த வண்டி அதற்குமுன் யார்மேல் ஏறியது என்று கேட்காமல் விட முடியாது என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை உடனே புரிந்துகொள்ளும்.

இதனால் நேதாஜிக்கு இழுக்கு வந்துவிடும் என்று யாரும் பதற வேண்டியதில்லை. திலாவா மூழ்கியபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். அந்தக் கட்டளையில் அவருக்குப் பங்கில்லை. அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காக 280 பேரை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மறைத்தால், அவர் யாருடைய விடுதலைக்காக அந்தத் தெப்பத்தில் ஏறினாரோ அந்த மக்களையே மறைக்கிறோம்.

சட்டம் என்ன சொன்னது

போரில் இதெல்லாம் நடப்பதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அன்றைய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1936 நவம்பரில் லண்டனில் ஒரு நெறிமுறை கையெழுத்தானது. வணிகக் கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் அதிலுள்ள பயணிகளையும் தொழிலாளர்களையும் கப்பலின் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும் என்று அது நீர்மூழ்கிகளைக் கட்டுப்படுத்தியது. நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் இறக்கிவிடுவது மட்டும் ‘பாதுகாப்பான இடம்’ ஆகாது என்றும் தெளிவாகச் சொன்னது. கையெழுத்திட்ட நாடுகளில் ஜப்பானும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் இருந்தது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். திலாவாவில் பீரங்கி இருந்தது. எதிரி அரசின் வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில் ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்களை எல்லாத் தரப்பும் தாக்கின. நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மானியக் கடற்படைத் தளபதி டோனிட்ஸ்மீது இதே குற்றச்சாட்டு வந்தபோது, ஆயுதம் தாங்கிய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைத் தாக்கியதற்காக அவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையின்றித் தாக்கின என்று அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே ஐ-29-இன் தளபதி இன்று கூண்டில் நின்றாலும் தீர்ப்பு எளிதாக வந்துவிடாது. அந்த நீர்மூழ்கியும் 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்டுவிட்டது.

குற்றவியல் பொறுப்பு முடிகிற இடத்தில் அரசியல் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இதை எங்கள் மலை நன்றாக அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 தமிழ்த் தொழிலாளர்கள் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யார் சுட்டார் என்பது ஒரு கேள்வி. சுடலாம் என்ற துணிச்சலை எந்தக் கொள்கை கொடுத்தது, உயிரைப் பணயம் வைத்துக் கூலிக்குப் போகும் நிலையில் அவர்களை எந்த நிர்வாகம் வைத்திருந்தது, செத்தபிறகு அந்த வீடுகளுக்கு யார் பதில் சொன்னார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைத்தான் அரசியல் பொறுப்பு என்கிறேன். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆட்சியாளர்கள். திலாவாவின் சாவுக்கு அப்படி விடை சொல்ல வேண்டிய அரசுகள் மூன்று.

டோக்கியோ, லண்டன், புதுடெல்லி

முதலாவது ஜப்பான். போரைத் தொடங்கியது, நீர்மூழ்கிகளை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது, தான் கையெழுத்திட்ட நெறிமுறையைத் தன் தளபதிகள் மீறியபோது அதைப் பாராமல் விட்டது ஆகிய மூன்றும் டோக்கியோவின் முடிவுகள். ரஜுலாவில் போன நம் மக்கள் இறங்கிய பினாங்கு அப்போது ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளமாகியிருந்தது.

இரண்டாவது பிரிட்டன். 1942 மே மாத இறுதியில் மடகாஸ்கரின் தியேகோ சுவாரெஸ் துறைமுகத்துக்குள் புகுந்து ஜப்பானியக் குறு நீர்மூழ்கிகள் தாக்கின. ஜூன், ஜூலை மாதங்களில் மொசாம்பிக் கால்வாயில் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஜப்பானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. திலாவா போகவேண்டிய வழி அதுதான். ஆபத்து தெரிந்திருந்தும், 700-க்கும் மேற்பட்ட பயணிகளையும் ஓர் அரசின் வெள்ளியையும் ஒரே கப்பலில் ஏற்றி, காவல் இல்லாமல் அனுப்பினார்கள். காவல் கப்பல்கள் போதவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். போதாத காவலை எந்தக் கப்பலுக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்று தீர்மானித்தது ஓர் அரசு. அந்தத் தீர்மானத்துக்கு அது கணக்குச் சொல்ல வேண்டும்.

அன்று கணக்குக் கேட்க யார் இருந்தார்கள்? 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியதும் காங்கிரஸ் தலைவர்கள் கைது செய்யப்பட்டுவிட்டார்கள். திலாவா மூழ்கியபோது காந்தி ஆகாகான் மாளிகையில் இருந்தார். நேரு அகமதுநகர்க் கோட்டையில் இருந்தார். பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. செத்தவர்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்கக்கூடியவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்களோ செத்தவர்களின் ஓட்டில் வந்தவர்கள் அல்லர்.

மூன்றாவது, சுதந்திர இந்தியா. இதுதான் நம் கைக்கு எட்டும் இடம். ஆகவே இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும்.

1952-இல் கொடுத்த விடுதலை

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு 48 நாடுகள் அமைதி ஒப்பந்தம் செய்தன. இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. ஜப்பானுக்கு மரியாதையும் சமத்துவமும் தரும் ஒப்பந்தம் வேண்டும் என்பது நேருவின் நிலை. 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் இந்தியா தனியாக ஓர் அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் தரப்பில் கே.கே. செட்டூரும் ஜப்பான் தரப்பில் கட்சுவோ ஒகாசாகியும் கையெழுத்திட்டார்கள்.

அதன் ஆறாவது பிரிவில் இந்தியா போர் இழப்பீட்டுக் கோரிக்கைகள் அனைத்தையும் கைவிட்டது. அதோடு நிற்கவில்லை. போரின்போது ஜப்பானும் ஜப்பானியரும் செய்த செயல்களால் இந்தியாவுக்கும் ‘இந்தியக் குடிமக்களுக்கும்’ எழுந்த உரிமைக் கோரிக்கைகளையும் சேர்த்துக் கைவிட்டது. திலாவாவில் தாயை இழந்த ஒரு பிள்ளை பின்னாளில் வளர்ந்து ஜப்பானிடம் கேட்கக்கூடிய கேள்வியை, அந்தப் பிள்ளையைக் கேட்காமலே, புதுடெல்லி முடித்துவைத்தது.

நான் அந்த ஒப்பந்தத்தைத் தூற்றவில்லை. தோற்று, எரிந்து, பசியில் கிடந்த ஒரு நாட்டிடம் பணம் கறக்க மாட்டோம் என்று சொன்னது இந்தியாவின் பெருந்தன்மை. 1949-இல் டோக்கியோவின் பிள்ளைகள் யானை கேட்டுக் கடிதம் எழுதியபோது நேரு இந்திரா என்ற யானையை அனுப்பிவைத்தார். அதே மனம்தான் இந்த ஒப்பந்தத்திலும் இருந்தது. அதைப் பற்றி நான் வகுப்பில் பெருமையோடு பேசியிருக்கிறேன்.

ஆனால் பெருந்தன்மைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் புதுடெல்லியில் இருந்தவர்கள் அல்லர்; திலாவாவில் தாயையோ தகப்பனையோ இழந்த வீடுகள் கொடுத்தன. ஓர் அரசு தன் குடிமக்களின் கோரிக்கையைத் தன் கையெழுத்தால் முடித்துவைத்தால், அந்தக் குடிமக்களுக்கான கடன் அந்த அரசின் தலையில் ஏறுகிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. ஜப்பானை விடுவித்த நாளில், ஜப்பான் செய்ய வேண்டியிருந்ததை இந்தியா தன்மேல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடனை இந்தியா இன்றுவரை அடைக்கவில்லை.

மற்றவர்கள் செய்தது

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 1915 மே 7 அன்று லூசிட்டானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,198 பேர் இறந்தார்கள். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். அதிபர் வில்சன் ஜெர்மனிக்கு அடுத்தடுத்துக் கண்டனக் கடிதங்கள் அனுப்பினார். அவற்றில் ஒன்றின் கடுமையை ஏற்க முடியாமல் அவருடைய வெளியுறவு அமைச்சர் பிரையன் பதவியையே விட்டார். போர் முடிந்தபின் இரு நாடுகளும் அமைத்த ஆணையம் குடும்பம் குடும்பமாக வழக்கைக் கேட்டு, ஜெர்மனி கொடுக்க வேண்டிய இழப்பீட்டை முடிவு செய்தது. வழக்குக் கொண்டுவந்த குடும்பங்கள் இழந்தவர்களின் பெயர்கள் அரசின் ஏட்டில் ஏறின.

இதைவிட நமக்குப் பொருத்தமான சான்று ஜப்பானிலேயே இருக்கிறது. 1945 ஏப்ரல் 1 அன்று அவா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி குயின்ஃபிஷ் மூழ்கடித்தது. போர்க் கைதிகளுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோவதால் அதைத் தொடமாட்டோம் என்று அமெரிக்கா ஏற்கெனவே உறுதி கொடுத்திருந்த கப்பல் அது. 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே ஒருவர் பிழைத்தார். அமெரிக்கா பொறுப்பை ஒப்புக்கொண்டது. நீர்மூழ்கியின் தளபதி ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். போருக்குப் பின், 1949-இல், ஜப்பான் தன் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்டதோடு விட்டுவிடவில்லை. 1950-இல் தனிச் சட்டம் இயற்றி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஜப்பான் அரசே ஆறுதல் தொகை கொடுத்தது.

மூன்று வருட இடைவெளியில் இரண்டு ஆசிய அரசுகள் ஒரே மாதிரியான முடிவை எடுத்திருக்கின்றன. ஜப்பான் அமெரிக்காவை விடுவித்தது. இந்தியா ஜப்பானை விடுவித்தது. ஜப்பான் தன் மக்களுக்குச் சட்டம் போட்டது. நம் நாடாளுமன்றத்தில் திலாவாவுக்கென்று அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

பொறுப்பைத் தனி மனிதர்மேல் சுமத்திய வழக்கும் உண்டு. 1944 மார்ச்சில் ஜப்பானியப் போர்க்கப்பல் தோனே, பெஹார் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்து, மீட்ட கைதிகளில் ஏறக்குறைய 70 பேரைக் கொன்றது. ஹாங்காங்கில் நடந்த விசாரணையில் கட்டளையிட்ட அட்மிரல் சகோன்ஜுவுக்கு மரண தண்டனையும், கப்பல் தலைவருக்கு ஏழு ஆண்டுச் சிறையும் கிடைத்தன. யாரேனும் ஒருவர் விடாமல் கேட்டால் விடை வந்திருக்கிறது.

பெயரும் ஆட்சியாண்டும்

குஜராத்திக் குடும்பங்கள் அதிகம் போன ஒரு கப்பலைப் பற்றி ஜவ்வாது மலைக்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை, கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் இறங்கிய தமிழர்களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தார் மிகுதி. இந்த மலையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. போளூர்ப் பக்கத்து எங்கள் உறவில் அப்படிப் போன ஒருவரைப் பற்றிப் பாட்டி சொல்வார். போனார், காகிதம் வரவில்லை, எப்போது இறந்தார் என்று தெரியவில்லை. திதி கொடுக்க நாள் தெரியாததால், மகாளய அமாவாசையில் வீட்டில் மற்றவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அவருக்கும் சேர்த்து இறைத்தார்கள். கடல் தாண்டிப் போனவரைப் பற்றி வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லக்கூட எந்த அரசுக்கும் கடமை இல்லை என்றிருந்த காலம் அது. திலாவா அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

இந்த மலையின் அடிவாரத்தில் செங்கம் இருக்கிறது. செங்கத்து நடுகற்கள் தமிழகத் தொல்லியல் துறைக்குப் பெரும் புதையல். பிள்ளைகளை அழைத்துப்போய் நான் காட்டிய முதல் வரலாற்று ஆவணம் அவைதான். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த சாதாரண மனிதர்களின் கற்கள். இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டு என்று கல்வெட்டு தொடங்கும். பிறகு செத்தவன் பெயர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்பது வரும். எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

ஆட்சியாண்டு எழுதுவது காலத்தைக் குறிக்கும் வழக்கம்தான். ஆனாலும் அந்தக் கற்களுக்கு முன்னால் நின்று பிள்ளைகளோடு படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகும். ஒரு சாவை எழுதினால் யாருடைய ஆட்சியில் நடந்த சாவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று இந்த மண்ணில் எழுத்தறிந்தவர்கள் அன்றே பழகியிருந்தார்கள். மகேந்திரவர்மன் காலத்து நாய்க்குக் கிடைத்த பெயர், 1942-இல் மூழ்கிய பயணிகளுக்கு எந்த அரசின் கல்லிலும் கிடைக்கவில்லை. மும்பையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் தொழிலாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு நினைவேடு இருக்கிறது. அது மாலுமிகளுக்கானது; பயணிகளுக்கு அதில் இடமில்லை. 2022-இல் 80-ஆம் ஆண்டு நிறைவின்போது திலாவாவில் பிழைத்தவர்களின், இறந்தவர்களின் குடும்பத்தார் தாங்களே மும்பையில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். அரசு செய்ய வேண்டியதைப் பேரப்பிள்ளைகள் தங்கள் கைக்காசில் செய்தார்கள்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்த நம் மலாயாத் தமிழர்களின் கதையும் இதற்குப் பக்கத்தில் இருப்பதுதான். 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்குப் போர்க்கால இழப்புக்காக இரண்டு சரக்குக் கப்பல்களைக் கொடுத்துக் கணக்கை முடித்தது. தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தொழிலாளியின் வீட்டுக்கு அந்தக் கப்பல்களால் ஒன்றும் வரவில்லை. அண்மையில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழர்கள் அவர்களுக்காக நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் அரசுகள் கணக்கை முடித்தன. கல்லை மக்கள் நட்டார்கள்.

என்ன கேட்கிறோம்

80 ஆண்டுகள் கழித்து யாரையும் தண்டிக்க முடியாது. பிழைத்தவர்களில் இன்னும் இருப்போர் அன்று குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்கள் கண்மூடுவதற்குள் செய்யக்கூடியவை சில உண்டு.

இந்திய அரசு திலாவா பற்றித் தன்னிடம் உள்ள ஆவணங்கள் அனைத்தையும், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதையும் கப்பல் துறையில் இருப்பதையும் சேர்த்து, வெளியிட வேண்டும். பயணிகள் பட்டியலைக் குடும்பங்களின் உதவியோடு சரிபார்த்து, மும்பைத் துறைமுகத்தில் 280 பெயர்களையும் கல்லில் பொறிக்க வேண்டும். எந்த அரசின் போரில், எந்த நாட்டின் கப்பலில், எந்த அரசின் வெள்ளியோடு போய் இறந்தார்கள் என்பதும் அந்தக் கல்லில் இருக்க வேண்டும். ஜப்பான் இன்று நமக்கு நெருங்கிய நட்பு நாடு. நம் மெட்ரோ ரயிலுக்குக் கடன் கொடுக்கும் நாடு. அந்த நட்பில் உண்மையைப் பேச இடம் இருக்க வேண்டும். பணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். காவலின்றி அனுப்பிய முடிவைப் பற்றிய கோப்புகளைப் பிரிட்டனிடம் கேட்கலாம். வெள்ளிக்கான வழக்கில் வென்ற தென்னாப்பிரிக்கா, அதில் ஒரு சிறு பங்கை டர்பனிலும் ஒரு நினைவுக்கல் நடுவதற்கு ஒதுக்கலாம். திலாவாவின் வழியில் கடைசித் துறை அதுதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டியது ஒன்றுண்டு. அதற்குச் செலவில்லை, நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து நின்றால் போதும். எங்கள் திருவண்ணாமலைத் தொகுதி உறுப்பினரிடமே நான் இதைக் கேட்டுக்கொள்கிறேன். 1952 ஜூன் 9 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளைக் கைவிட்டீர்களே, யார் யாருடைய கோரிக்கைகளைக் கைவிட்டீர்கள் என்ற பட்டியல் அரசிடம் உள்ளதா? இருந்தால் அவையில் வையுங்கள். இல்லையென்றால், யாருக்காக மன்னித்தோம் என்று தெரியாமலே மன்னித்திருக்கிறோம் என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு, திலாவாவிலிருந்து அந்தப் பட்டியலைத் தொடங்குங்கள்.